செயற்கைப் பட்டு என்ற வசவு

2021இல் இந்தப் பத்திரிகையில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரையில் ஒரு வாக்கியம் வந்தது. 'என் அப்பத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு ஆர்ட் சில்க் சேலை இருக்கிறது. தூரத்தில் நின்று பார்த்தால் பட்டு, தொட்டால் இல்லை. இந்தக் கவிதைகள் அந்த ஜாதி.' மதிப்புரை நாலு பக்கம். அதில் படிமங்கள் எப்படி ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் வந்து நிற்கின்றன என்றெல்லாம் உதாரணங்களோடு எழுதியிருந்தேன். அவை யாருக்கும் நினைவில்லை. சேலை மட்டும் நினைவிருக்கிறது. இரண்டு நண்பர்கள் ஃபோனில் கூப்பிட்டு அந்த வரியைத் திரும்பச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தொகுப்பின் ஆசிரியர் மட்டும் ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டார். உள்ளே ஒரே வரி: 'அப்பத்தா இதைப் படித்தார்களா?'

அவர் எங்கள் வத்தலக்குண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார், அப்பத்தா கையால் சாப்பிட்டிருக்கிறார். பெயர் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்களில் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். நான் பதில் போடவில்லை. பதில் போடாததற்குக் காரணமாக அப்போது ஒரு கொள்கையே வைத்திருந்தேன்: விமர்சகன் எழுதியதைப் பற்றித்தான் பேசலாம், எழுதியதால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றி அல்ல என்று.

இந்தக் கட்டுரை அந்தச் சேலையைப் பற்றியது. உவமைக்காக ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறவன் அந்தப் பொருள் என்ன என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்ற எளிய சிரத்தை எனக்கு அன்று இருக்கவில்லை. இப்போது கொஞ்சம் தெரியும். தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு கௌரவமானதல்ல.

அப்பத்தாவுக்குக் கல்யாணம் 1958இல். காஞ்சிபுரம் வாங்குகிற நிலையில் அவள் பிறந்த வீடும் இல்லை, புகுந்த வீடும் இல்லை. சின்னாளபட்டியில் அந்த நாட்களில் ஆர்ட் சில்க் நூலில் சேலை நெய்தார்கள். ஊரின் பெயராலேயே அதற்குச் 'சின்னாளப்பட்டு' என்று பெயர். 'பட்டி' என்பது 'பட்டு' ஆகிவிடுகிற இந்தக் காது மயக்கத்தில் வியாபாரத்துக்கு ஒரு சௌகரியம் இருந்தது வாஸ்தவம். ஆனால் வாங்கிய எவரும் ஏமாந்து வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துதான் வாங்கினார்கள். கத்தரிப்பூ நிறம், ஒரு விரற்கடை ஜரிகைக் கரை. அப்பத்தாவின் முகூர்த்தச் சேலை அதுதான்.

அதை அவள் துவைக்கிற சடங்கை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். மற்றச் சேலைகள் எல்லாம் கல்லில் அடிபடும். இதற்கு மட்டும் பூந்திக்கொட்டையை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் கசக்கி வடிகட்டிய தண்ணீர். பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் கிடையாது. பித்தளை அண்டாவில் சேலையை அமுக்கி அமுக்கி எடுப்பாள். கசக்கமாட்டாள். தூக்கும்போது ஒரு முனையைப் பிடித்துத் தூக்கமாட்டாள், இரண்டு கையையும் அடியில் கொடுத்துக் குழந்தையைத் தூக்குவதுபோல் ஏந்துவாள். பிழிவது என்பதே இல்லை. தாத்தாவின் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் சேலையை வைத்துப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி, மேலே உட்கார்ந்துகொள்வாள். அப்புறம் கயிற்றுக் கட்டிலில் நிழலில் விரித்துவிடுவாள். கொடியில் போடுவதில்லை.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பின்னால் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த காலத்தில், இதில் ஒரு பரிதாபம் தோன்றிவிட்டது. பட்டு இல்லாத ஒன்றுக்குப் பட்டின் மரியாதை செய்கிறாள், தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிற ஏழ்மையின் பாவனை இது என்று நினைத்தேன். மதிப்புரையின் வாக்கியம் அங்கிருந்து வந்தது.

அப்பத்தா 2022இல் போய்விட்டாள். மறு வருஷம் தலைத் திவசத்துக்குப் படத்தின் முன்னால் வைக்க அம்மா அந்தச் சேலையை எடுத்தாள். மடிப்பில் அழுக்குப் படிந்திருந்தது. அம்மாவுக்குச் சமையல் வேலை. நான் வாங்கிக்கொண்டேன். சோப்புத் தூள் கரைத்த வாளியில் ராத்திரி முழுதும் ஊறப்போட்டேன். காலையில் இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பிழிந்தேன். சத்தம்கூட வரவில்லை. நனைந்த காகிதம் பிரிவதுபோல, நீளவாட்டில் ஒரு முழம் விட்டுப்போயிற்று. கையைத் தளர்த்திப் பார்க்கும்போது இன்னொரு இடத்திலும்.

அம்மா பார்த்தாள். திட்டவில்லை. 'அவ அத முறுக்கவே மாட்டாளேடா' என்றாள். அதற்கப்புறம் திவசத்துக்கு வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அதே வருஷம் எனக்கு மேட்டுப்பாளையம் பக்கம் மாற்றல். சிறுமுகைக்குத் தொட்டடுத்த கிளை. வேலை பெரும்பாலும் நகைக்கடன் கவுண்டரில். அப்ரைசர் உரைகல்லில் தேய்த்து மாற்றுச் சொல்வார், நான் கணினியில் ஏற்றுவேன். (மாத்யூ ஆர்னால்ட் கவிதைக்கு உரைகல் வைத்துப் பார்க்கச் சொன்னதைக் கல்லூரியில் பரவசத்தோடு படித்தவன் நான். நிஜ உரைகல் பக்கத்தில் தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தபிறகு அந்தப் பரவசம் குறைந்துவிட்டது. உரைகல் தங்கத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும். பித்தளையைப் பற்றி அதற்குத் தெரிந்தது, அது தங்கமில்லை என்பது மட்டுமே.)

சிறுமுகையில் பவானிக் கரையில் ஒரு விஸ்கோஸ் ஆலை இருந்தது என்று எனக்குப் பொதுவாகத் தெரியும். இந்த நூற்றாண்டு பிறந்த சமயத்தில் அது நின்றுபோய்விட்டது. அதில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் சிறிய பென்ஷன் வாங்க எங்கள் கிளைக்கு வருவார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்கவேண்டும், விரல் ரேகை வைத்து. வயதானவர்கள் பலருக்கு ரேகை சுலபத்தில் ஏறாது. ஒரு பெரியவருக்கு அப்படித்தான் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் இயந்திரம் ஒப்புக்கொள்ளவில்லை. காத்திருக்கிற நேரத்தில் பேச்சு வந்தது. ஸ்பின்னிங்கில் இருந்தேன் என்றார். நான் ஏதோ சொல்லவேண்டுமே என்று, 'செயற்கைப் பட்டு நூல்தானுங்களே ஐயா?' என்றேன்.

'செயற்கையா? மரமுங்க தம்பி' என்றார். 'நீலகிரியிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் லாரி லாரியா வரும். அதைக் கூழாக்கி, கரைச்சு, சந்தகை பிழியறாப்பல பிழிஞ்சு எடுக்கறதுதானுங்க. அதுல பட்டு எங்கிருக்குது? செயற்கை எங்கிருக்குது?'

சந்தகை என்றால் கொங்கு நாட்டில் இடியாப்பம். அன்று தொடங்கி அவர் பல தடவை வந்தார், சில தடவை பேசுவதற்காகவே. அவர் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இனி எழுதுகிறேன்.

மரக்கூழ் அட்டை அட்டையாக வரும். அதைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, துருவலாக உதிர்த்து, கொஞ்ச நேரம் பக்குவப்பட விடுவார்கள். அதோடு கார்பன் டை சல்ஃபைடைச் சேர்த்துப் புரட்டினால் வெள்ளைத் துருவல் ஆரஞ்சு நிறமாகும். அதை மறுபடியும் நீர்த்த காஸ்டிக்கில் கரைத்தால் தேன்போல ஒரு திரவம். இந்தப் பிசுபிசுப்புதான் விஸ்கோஸ் என்ற பெயர். அது பழுக்கவேண்டும், வடிகட்டவேண்டும், அதிலுள்ள காற்றை எடுக்கவேண்டும். பிறகு கந்தக அமிலத் தொட்டிக்குள், கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்ட ஒரு சிறு தொப்பி வழியே தள்ளினால், அமிலம் பட்ட மாத்திரத்தில் திரவம் இழையாகிறது. அந்தத் தொப்பி தங்கமும் பிளாட்டினமும் கலந்தது, அமிலம் அரிக்கக்கூடாது என்பதற்காக. நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நான் போலி என்று எழுதிய சேலையின் ஒவ்வொரு இழையும் தங்கத்துளை வழியாக வந்திருக்கிறது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். சேர்த்த காஸ்டிக்கும் கார்பன் டை சல்ஃபைடும் இழையில் தங்குவதில்லை, வெளியேறிவிடுகின்றன. கடைசியில் இருப்பது மரத்தில் இருந்த அதே செல்லுலோஸ். பருத்தியும் செல்லுலோஸ்தான். ஆகவே விஸ்கோஸுக்குப் பருத்தி பங்காளி. பட்டு வேறு குலம்: அது புரதம். நைலானும் பாலியெஸ்டரும் ரசாயன ஆலையில் சிறு மூலக்கூறுகளைக் கோத்துக் கட்டியவை. இவை எல்லாவற்றையும் 'செயற்கை' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். விஸ்கோஸ் கட்டப்பட்டதல்ல. கரைக்கப்பட்டு, மறுபடி இழையானது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பாடப்புத்தக வித்தியாசமல்ல, வேர்வை நாளில் உடம்புக்குத் தெரிகிற வித்தியாசம்.

கிழிந்த இடத்திலிருந்து ஒரு இழையை உருவி ஒரு நாள் பெரியவரிடம் கொண்டுபோனேன். தேநீர்க் கடையில் தீக்குச்சி வாங்கிக் கொளுத்திக் காட்டினார். சட்டென்று பற்றியது, காகிதம் எரிகிற வாசனை, தொட்டால் உதிர்கிற சாம்பல். பட்டு என்றால் மயிர் பொசுங்குகிற நாற்றம் வரும், பாலியெஸ்டர் என்றால் உருகி முத்துப்போல் திரளும் என்றார். சேலை விஸ்கோஸ்தான். அவர் இழையின் மிச்சத்தை விரலில் சுற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

'எப்படிங்க கிழிஞ்சுது?' என்று கேட்டார். சொன்னேன்.

'பருத்தி இருக்குதுங்களே, அது நனைஞ்சா இன்னும் கெட்டியாகும். இது நனைஞ்சா பாதிப் பலம் போயிரும். காஞ்சா திரும்ப வந்துரும். ஈரமா இருக்கையில மட்டும் அதுமேல கோபத்தக் காட்டப்படாதுங்க.'

பின்னால் படித்தபோது அவர் சொன்ன கணக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. பருத்தி இழை நனையும்போது அதன் வலு பத்திலிருந்து இருபது சதவீதம் கூடுகிறது. சலவைக் கல் என்பதே பருத்தியின் இந்தக் குணத்தை நம்பி வந்த பழக்கம் என்று சொல்லலாம். விஸ்கோஸ் நனைந்தால் வலுவில் ஏறக்குறைய பாதியை இழக்கிறது. இரண்டும் ஒரே செல்லுலோஸ் என்றால் ஏன் இப்படி? பருத்தியில் குளூக்கோஸ் கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. கரைத்து எடுக்கிற வேலையில் சங்கிலிகள் அறுபட்டுக் குட்டையாகின்றன. விஸ்கோஸில் சங்கிலிக்கு முன்னூறு கண்ணி இருந்தால் அதிகம். குட்டைச் சங்கிலிகள், நெருக்கமும் குறைவு. தண்ணீர் நடுவில் புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. இழை ஊதிப் பருக்கிறது. இழைக்கும் போதும் நெய்யும் போதும் இழுத்து வைத்த இழுப்பு தளர்ந்து துணி சுருங்குகிறது. கொடியில் தொங்கவிட்டால் தான் குடித்த தண்ணீரின் கனத்தாலேயே நீண்டும் போகிறது.

ஆனால் தண்ணீர் புகுகிற இந்தப் பலவீனம்தான் அதன் சுகமும். சாதாரணக் காற்றிலிருந்து பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம்போல ஈரம் வாங்கி வைத்துக்கொள்கிறது, விஸ்கோஸ் பதின்மூன்று சதவீதம்வரை. சித்திரை வெயிலில் அப்பத்தா அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கல்யாணங்களுக்குப் போய்வந்து, 'பட்டுக் கட்டினவளுங்க வேத்து வடியறாளுங்க, எனக்குக் குளுகுளுன்னு இருக்கு' என்று சொன்னதை நான் வறுமையின் சமாதானம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வெறும் தகவல் சொல்லியிருக்கிறாள்.

கனம் உள்ள துணி, அதனால் உடம்பில் வழிந்து விழும். சாயம் ஆழமாகப் பிடிக்கும். எளிதில் கசங்கும், கசங்கினால் தானாக நிமிராது. பளபளப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஆரம்பத்தில் இழை வெகுவாகப் பளபளத்தது. அதுவே மலிவின் அடையாளம் என்று ஆகிவிட்டதால், கரைசலிலேயே டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெண்பொடியைக் கலந்து மங்கச் செய்தார்கள். பட்டாக இருக்க முயன்றதற்காகத் திட்டு, பிறகு திட்டுக்குப் பயந்து மங்கல். நம் புதுக்கவிதையிலும் இந்த மங்கல் முறை உண்டு, ஆனால் உவமை சொல்வதில்லை என்று ஒரு சங்கல்பத்தில் இருக்கிறேன்.

வசவு எங்கிருந்து வந்தது? 1665இலேயே ராபர்ட் ஹூக் தன் 'மைக்ரோகிராஃபியா'வில், பட்டுப்புழு செய்கிறதை மனிதனும் ஒரு பசையிலிருந்து இழுத்துச் செய்யலாமே என்று எழுதிவிட்டார். 1889 பாரிஸ் கண்காட்சியில் ஷார்தொனே என்ற பிரெஞ்சுப் பிரபு தான் செய்த செயற்கைப் பட்டைக் காட்டினார். அது நைட்ரோ செல்லுலோஸ், சுலபத்தில் தீப்பிடிக்கிற ஜாதி. விஸ்கோஸ் முறைக்கு 1892இல் இங்கிலாந்தில் க்ராஸ், பெவன், பீடில் என்ற மூவர் காப்புரிமை வாங்கினார்கள். அதை 1904இல் விலைக்கு வாங்கியது கோர்ட்டால்ட்ஸ் என்ற கம்பெனி. விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கள் துக்கத்துக்கு உடுத்திய கறுப்புப் பட்டுக் கிரேப் நெய்து பணம் பண்ணியவர்கள் அவர்கள். துக்கம் கொண்டாடுகிற வழக்கம் தேய்ந்துகொண்டிருந்தபோது இந்த மரநூல் அவர்களைக் காப்பாற்றியது. 'செயற்கைப் பட்டு' என்ற பெயர் விற்பனைக்கு ஆகவில்லை என்று 1924இல் அமெரிக்காவில் 'ரேயான்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். நாம் 'ஆர்ட் சில்க்' என்பதையே வைத்துக்கொண்டோம். அதிலிருக்கிற 'ஆர்ட்' கலை அல்ல, 'ஆர்ட்டிஃபிஷியல்' என்பதன் வெட்டுப்பட்ட தலை என்பதுகூட எனக்கு வெகு காலம் தெரியாது.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் இது விஸ்கோஸுக்கு ஒரு வக்காலத்து ஆகிவிடும். அது என் நோக்கமில்லை. இழையில் தங்காமல் வெளியேறிவிடுகிற கார்பன் டை சல்ஃபைடு என்றேனே, அது எங்கே போகிறது? பெரும்பகுதி காற்றில். அதைச் சுவாசிப்பவர்களின் நரம்பும் மனமும் கெடும் என்பது விஸ்கோஸுக்கு முன்பே தெரிந்த சமாசாரம். 1850களில் பிரான்ஸில் ரப்பர்த் தொழிலாளர்களிடம் அதைக் கண்டு டெல்பெஷ் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். 1930களில் அமெரிக்க ரேயான் ஆலைகளில் அதையே ஆலிஸ் ஹாமில்ட்டன் தேடிப் போய் வெளிக்கொண்டுவந்தார். தென் கொரியாவில் வோன்ஜின் ரேயான் என்ற ஆலை ஜப்பானிலிருந்து பழைய இயந்திரங்களை வாங்கி ஓட்டியது. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் விஷம் ஏறிப் பாதிக்கப்பட்டு, போராட்டம் நடந்து, 1993இல் ஆலையை மூடினார்கள். இயந்திரங்கள்? சீனாவுக்கு விற்கப்பட்டன. பால் பிளாங்க் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தச் சரித்திரம் முழுவதையும் 2016இல் ஒரு புத்தகமாக எழுதியிருக்கிறார். அதன் தலைப்பிலும் 'போலிப் பட்டு' என்றுதான் இருக்கிறது. நதிகளின் கதை தனி. கேரளத்தில் மாவூர் ஆலையால் சாலியாற்றுக்கு நேர்ந்தது, இங்கே பவானி அழுக்கானது, இரண்டும் நீண்ட போராட்டங்களாயின. இன்று கரைப்பானை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற லயோசெல் என்ற முறை வந்திருக்கிறது. விஸ்கோஸும் நின்றுவிடவில்லை. ஈரோட்டைச் சுற்றி விசைத்தறிகளில் ஓடுவதில் பெரும்பகுதி இந்த நூல்தான், பஞ்சுபோலத் துண்டாக்கி நூற்றது. கடைகளில் ரேயான் குர்த்தி, ரேயான் நைட்டி என்று தொங்குகிறதெல்லாம் இதுவே.

ஆக, இந்தத் துணியைப் பற்றிக் கேட்கவேண்டிய கடுமையான கேள்விகள் இருக்கின்றன. 'இது அசலா போலியா' என்பது அவற்றில் ஒன்றல்ல. அந்த ஒரு சொத்தைக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, கெட்டிக்காரத்தனமாக ஒரு வரி எழுதிவிட்டு, நான் எழுந்து போயிருக்கிறேன்.

மதிப்புரையின் தீர்ப்பை வாபஸ் வாங்குகிறேனா? இல்லை. தொகுப்பைப் போன மாதம் மறுபடி படித்தேன். முக்கால்வாசிக் கவிதைகள் எனக்கு இன்னும் சரிப்படவில்லை. காய்ந்த நேரத்தில் நன்றாக நிற்கிற வரிகள், ஒரு நிஜமான துக்கம் உள்ளே வந்ததும் நூல் நூலாகப் பிரிகின்றன. (சங்கல்பம் போயிற்று.) ஆனால் ஏழு கவிதைகள் அப்படி அல்ல. அவற்றை நான் அன்று சரியாகப் படிக்கவே இல்லை, தொட்டுப் பார்த்ததும் பட்டில்லை என்று தெரிந்துவிட்டபடியால். அந்த ஏழைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

சிறுமுகையில் இன்றும் கைத்தறிப் பட்டுச் சேலை நெய்கிறார்கள், பெயர் பெற்ற சேலைகள். மரத்தை இழையாக்கிய ஊரும் புழுவின் இழையை நெய்கிற ஊரும் ஒன்றே. பெரியவரின் மருமகள் தறியில் உட்கார்ந்திருக்கிறாள். கிழிசலை அவளிடம்தான் காட்டினேன். இழை ஓட்டித் தைத்தால் இழுப்புத் தாங்காமல் பக்கத்தில் விட்டுப்போகும், பின்னால் மெல்லிய மல் துணியை வைத்துப் பிடித்துவிடலாம் என்று சொல்லி அவளே செய்தும் கொடுத்தாள். இன்னொன்றும் சொன்னாள்: ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக வைக்காதீர்கள், மடிப்பில்தான் முதலில் அறுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பிரித்து வேறு இடத்தில் மடியுங்கள். கஞ்சி போட்டு வைக்காதீர்கள், இராமபாணப் பூச்சி வரும். அந்தப் பூச்சிக்குக் கஞ்சியும் பிடிக்கும், இந்த நூலும் பிடிக்கும். சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களை எடுத்துப் பார்க்கிற நமக்கு அந்தப் பூச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இஸ்திரி போடுவதானால் லேசான ஈரம் இருக்கும்போதே, உள்பக்கம் திருப்பி, சூட்டைக் குறைத்து.

2024 திவசத்துக்கு ஊருக்குப் போனபோது பூந்திக்கொட்டை வாங்கிக்கொண்டு போனேன். முந்தின ராத்திரி ஊறப்போட்டேன். காலையில் அம்மாவும் நானும் சேர்ந்து அலசினோம். அமுக்கி அமுக்கி, ஐந்து நிமிஷத்துக்கு மேல் தண்ணீரில் விடாமல். தூக்கும்போது இரண்டு பேரும் அடியில் கை கொடுத்தோம். நனைந்த சேலை எவ்வளவு கனக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. தாத்தாவின் வேட்டி எதுவும் மிஞ்சவில்லை. என் துண்டுகளில் சுருட்டி, அம்மா மேலே உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தபடியே, 'இதப்பத்தித்தானடா அந்தப் புஸ்தகத்துல எழுதினே?' என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

'ஒங்க அப்பத்தாகிட்ட நான் காட்டல. நாந்தான் படிச்சேன்.'

பிறகு எழுந்து சேலையைக் கட்டிலில் விரித்தாள். மல் துணி வைத்துத் தைத்த பக்கம் அடியில் போகும்படி திருப்பிப் போட்டாள். மத்தியானம்வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தபால் ஆபீஸில் இன்லண்ட் லெட்டர் இன்னும் கிடைக்கிறது. அன்று சாயங்காலம் ஒன்று வாங்கி எழுதினேன்: 'அப்பத்தா படிக்கவில்லை. அம்மா படித்திருக்கிறாள். பதில் தாமதமாகிவிட்டது.'